பத்து நொடி வெறும் சத்தம்

ஆறாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்.

ஒரு மைக்குக்காக இருளாண்டி றம்ஸிக்குக் கொடுக்க வேண்டியிருந்த காசு அது. இது நடந்த கதை. கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மாத்தளைப் பக்கம் எல்கடுவைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்துக்குப் போய், அந்த மைக் எங்கே என்று இருளாண்டியிடம் கேட்டுப் பாருங்கள். சுவர்ப் பலகையைக் கையால் காட்டுவான். எடுத்துத் தர மாட்டான். தொடவே மாட்டான்.

இருளாண்டிக்குத் தோட்டத்தில் கவ்வாத்து வேலை. தேயிலைச் செடியின் தலையைக் கத்தியால் வெட்டி இறக்குகிற வேலை அது. விடியவே மலைக்கு ஏறினால் பன்னிரண்டு மணிக்குள் அன்றைய கணக்கு முடிந்துவிடும். வீட்டுக்கு வரும்போது தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி இருக்கும். அந்த நேரம் பெண்கள் கொழுந்து மலையில். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். லயமே ஆளில்லாமல் கிடக்கும். அவன் பாட்டுப் போடுவது அந்த உச்சி வேளையில்தான். சொந்த மெட்டு, சொந்தக் குரல். போனில் ஒரு செயலி, காதில் ஒட்டுப்போட்ட ஒரு ஹெட்போன், றம்ஸியிடம் கடனுக்கு வாங்கிய மைக். அவ்வளவுதான் அவனுடைய ஸ்டூடியோ.

பேஸ்புக்கில் 'வீட்டு மெட்டு' என்று ஒரு குழு இருந்தது. மாத்தளை டவுனில் அரசாங்க வேலை பார்க்கும் சாம்பவி நடத்துகிற குழு. வீட்டிலேயே பாட்டுப் போடுகிறவர்கள் அதில் பகிர்வார்கள், ஒருவருக்கொருவர் யோசனை சொல்வார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பாடத் தொடங்குமுன் பத்து நொடி சும்மா இருந்து, காம்பரா என்கிற அறையின் வெறும் சத்தத்தை மட்டும் பதிய வேண்டும். அந்தப் பத்து நொடியைச் செயலிக்குக் காட்டினால், பாட்டுக்குள் கிடக்கிற அதே இரைச்சலை அது துடைத்துவிடும். துடைக்காத வெறும் சத்தத்தையும் குழுவில் பாட்டுக்குக் கீழே தனியாகப் போட வேண்டும். "ஃபேனை நிப்பாட்டுங்க", "ஜன்னலைச் சாத்துங்க" என்று மற்றவர்கள் கேட்டுச் சொல்வதற்காக.

இதனால் ஒரு புதுமை நடந்தது. முகம் பார்க்காதவர்கள்கூடக் காம்பராச் சத்தத்தை வைத்து ஆளை அடையாளம் கண்டார்கள். தகரத்தில் மழை, பக்கத்துக் காம்பராக் கோழி, பெக்டரிச் சங்கு என்றால் அது இருளாண்டி. வரிசையாக லொறிகள், நொண்டி நொண்டி ஓடுகிற ஒரு பழைய மணிக்கூடு என்றால் அது றம்ஸி. நாலந்தாவில், தம்புள்ளைக்குப் போகும் பெரிய ரோட்டோரம் றம்ஸிக்கு போன் பழுதுபார்க்கும் கடை. கடைக்குப் பின்னறையில்தான் அவன் பாட்டு.

மைக்கைக் கொடுக்க றம்ஸி மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். முப்பது வயதிருக்கும். வாய் ஓயாத ஆள்.

"அண்ணே, இந்த மைக்குக்கு முன்னால தும்மினாக்கூட பாட்டாத்தான் கேக்கும்."

"காசு சம்பளத்துக்குத்தான் தம்பி."

"காசு ஈக்கிற நேரம் தாங்க. மைக்கத் தூக்கிக்கிட்டு எங்க ஓடப் போறீங்க, மலைக்கு மேலதானே?"

சம்பளம் வந்தது. காசு பிஸ்கட் டின்னுக்குள் போனது. டின்னை விட்டு வெளியே வரவில்லை.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. றம்ஸியின் பாட்டுக்கு நானூறு ஹார்ட் விழுந்தது. இருளாண்டியின் பாட்டுக்கு ஒன்பது. அந்த ஒன்பதில் முதலாவது எப்போதும் றம்ஸியுடையது. கூடவே ஒரு யோசனையும் எழுதுவான். "அண்ணே, சுவத்துல ஒரு போர்வயத் தொங்கவிடுங்க, எதிரொலி கொறயும்." நல்ல யோசனைதான். போர்வையைத் தொங்கவிட்டான், எதிரொலி குறைந்தது. அதுதான் அவனுக்குத் தாங்க முடியவில்லை.

அந்த மாதம் சாம்பவி ஓர் அறிவிப்புப் போட்டிருந்தாள். அதிகம் பேருக்குப் பிடித்த ஒரு பாட்டை, குழு காசு சேர்த்துக் கண்டியில் பெரிய ஸ்டூடியோவில் பதிந்து தரும். ஒரே ஒரு பாட்டு. இருளாண்டிக்கு நாற்பத்து மூன்று வயது. கங்காணி கத்துவதைத் தவிர அவன் பெயரை யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. அந்த ஒரு பாட்டு தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அவன் சாப்பாட்டையே மறந்தான்.

மனைவி பூங்காவனம் டின்னைத் தட்டிக் காட்டினாள்.

"அந்தப் பையனோட காசக் குடுத்துத் தொலைங்களேன். உள்ள வெச்சு அடைகாக்கிறீங்களா?"

"குடுப்போம். இப்ப என்ன அவசரம்?"

"அவசரமில்ல. வயித்தெரிச்சல். எனக்குத் தெரியாதா?"

செவ்வாய்க்கிழமை. தூறல். காம்பராவில் அவன் மட்டும். றம்ஸி முந்தின ராத்திரி போட்ட புதுப் பாட்டை ஹெட்போனில் கேட்டான். நன்றாக இருந்தது. மிகவும் நன்றாக இருந்தது. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்தான். மேசையில் மைக் அவனைப் பார்த்தபடி இருந்தது. போனோடு செருகவில்லை. பதிவும் ஓடவில்லை. ஆனாலும் அதைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்.

"காசு தரமாட்டேன்டா. போ. உன் சத்தம் அடங்கட்டும்."

பெக்டரியில் ஒரு மணிச் சங்கு ஊதி ஓய்ந்த நேரம் அது. பக்கத்துக் கோழி கத்தியது. அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் தன் பாட்டை எடுக்க உட்கார்ந்தான். மைக்கைச் செருகி, மூச்சை அடக்கிப் பத்து நொடி பதிந்தான். ஹெட்போனை மாட்டிக் கேட்டான்.

கோழி இல்லை.

முதலில் அதுதான் உறைத்தது. பதியும்போது கோழி கத்தியதைத் தன் காதால் கேட்டிருந்தான். தகரத்தில் மழையும் விழுந்தது. பதிவில் இரண்டும் இல்லை.

பதிலுக்கு... ஒரு லொறி. கியர் மாற்றி, ஹோர்ன் அடித்து, தூரத்தில் போய் மறைந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

மேல் லயத்துக்கு லொறி ஏறாது. பாதையே இல்லை.

வியாழக்கிழமை மறுபடி எடுத்தான். லொறி. அதோடு...

டக்... டடக். டக்... டடக்.

இருளாண்டி திரும்பிச் சுவரைப் பார்த்தான். போர்வை தொங்கியது. பக்கத்தில் அம்மன் கலண்டர். அந்தக் காம்பராவில் மணிக்கூடே கிடையாது.

மைக்கைக் கழற்றிவிட்டு வெறும் போனில் பதிந்தான். கோழி, மழை. மைக்கைச் செருகினான். லொறி, மணிக்கூடு.

'போன் திருத்துறவன். மைக்குக்குள்ள என்னமோ வேலை வெச்சு வித்திருக்கான்' என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்தது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கோபப்பட ஒரு காரணமும் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை, மணிக்கூட்டுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

பிறகு... மெல்ல... "ம்... ம்ம்... ம்..."

ஒரு மெட்டு.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். காம்பராவில் யாருமில்லை. வாசல் திண்ணையான இஸ்தோப்பில் யாருமில்லை.

எறிந்ததை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

அந்த மெட்டு அப்படி. நாற்பத்து மூன்று வருடத்தில் அவன் தொண்டைக்கு வராத மெட்டு. பத்து நொடியில் பாதியில் நின்றுவிட்டது. இன்னொரு பத்து நொடி பதிந்தான். நின்ற இடத்திலிருந்து தொடங்கியது. இன்னொன்று. அதுவும் விட்ட இடத்திலிருந்து.

யாரோ காத்திருந்து சொல்லிக்கொடுப்பதைப் போல.

பயமில்லாமல் இல்லை. ஆனால் பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. 'அவன் மெட்டாவே இருக்கட்டும். என் மைக்குல விழுந்தா என்னுது' என்று வாய்விட்டே சொன்னான். காசு கொடுக்காத மைக் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

அந்த மெட்டுக்குச் சொல் கட்டி, பாடி, அந்தப் பத்து நொடியைக் காட்டியே செயலியில் துடைத்தான். லொறி போனது. மணிக்கூடு போனது. அந்த 'ம்ம்' போனது. அவன் குரல் மட்டும் சுத்தமாக நின்றது. ஞாயிற்றுக்கிழமை குழுவில் போட்டான். கைப்பழக்கத்தில், துடைக்காத வெறும் சத்தத்தையும் கீழே போட்டான். முனகல் வந்ததைப் போடக்கூடாது என்கிற புத்தி மட்டும் இருந்தது. மணிக்கூட்டோடு நின்ற வியாழக்கிழமைப் பதிவைப் போட்டான்.

விடியும்போது ஐந்நூற்றுப் பதினொரு ஹார்ட்.

ஒவ்வொரு பெயராகத் தடவிப் பார்த்தான். றம்ஸி இல்லை. முதல் தடவையாக றம்ஸி இல்லை.

"இப்பத் தெரியுதா வயித்தெரிச்சல்னா என்னன்னு?" என்று போனைப் பார்த்துச் சிரித்தான்.

அன்றைக்குப் பகல் சாம்பவி அழைத்தாள்.

"அண்ணா, உங்கட பாட்டுத்தான் முன்னுக்கு நிக்குது. கண்டிக்கு அனுப்பப் போறன். ஒண்டு கேக்கோணும். நீங்கள் எப்ப நாலந்தாவுக்குப் போனனீங்கள்?"

"நான் எங்கயும் போகலீங்களே."

"நீங்கள் போட்ட வெறும் சத்தம் றம்ஸியின்ர கடையெல்லோ. அந்த நொண்டி மணிக்கூடு எனக்குத் தெரியாதே?"

இருளாண்டி போனை மறு காதுக்கு மாற்றினான்.

"அங்க போய் எடுத்திருக்கவும் ஏலாது, அண்ணா. றம்ஸி போன செவ்வாய்க்கிழமை செத்திட்டார். எனக்கே இண்டைக்குத்தான் சொன்னவை. அண்டையில இருந்து கடை பூட்டு."

புதன்கிழமை... வியாழக்கிழமை... வெள்ளிக்கிழமை...

"அண்ணா? அனுப்பவோ?"

"அனுப்பாதீங்க."

"ஏன்?"

"மெட்டு என்னோடது இல்லீங்க."

"பின்னை ஆரின்ர மெட்டு?"

"அவரோடது. அவர் பேருல போடுங்க." சொல்லிவிட்டு வைத்தான். சொல்லும்போதும் நெஞ்சுக்குள் ஒரு மூலையில் எரியத்தான் செய்தது. அந்த ஐந்நூற்றுப் பதினொன்றும் இனி அவனுக்கில்லை. செத்தும் அவன்தான் முந்திக்கொண்டான்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. டின்னைத் திறந்து காசை எண்ணிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாலந்தாவுக்குப் பஸ் ஏறி, றம்ஸியின் வீட்டைத் தேடிப் போனான்.

றம்ஸியின் வாப்பா மக்கீன் வாசலுக்கு வந்தார். வெள்ளைத் தொப்பி. அழுது காய்ந்த கண். கடன் காசு கொடுக்க வந்ததை இருளாண்டி சொன்னான்.

"பள்ளிவாசல்ல அறிவிச்சோம் தம்பி, மகனோட கொடுக்கல் வாங்கல் ஈந்தா வந்து எங்கிட்டச் செல்லுங்கன்னு. வாங்க வேண்டியவங்க நாலு பேர் வந்தாங்க. குடுக்க வேண்டியவர்னு வந்தது நீங்க ஒராள்தான்."

இருளாண்டி காசை நீட்டினான். அவர் வாங்கி எண்ணத் தொடங்கினார்.

உள்ளறை வாசலில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் றம்ஸியின் மனைவி றிப்கா இத்தாவில் இருந்தாள். புருஷனைப் பறிகொடுத்த பெண், அந்நிய ஆண் முன் வரமாட்டாள். குரல் மட்டும் வந்தது.

"மாமா, அவர இன்னொருக்காப் பேசச் செல்லுங்க."

"நான் எல்கடுவ இருளாண்டி, தங்கச்சி."

திரை அசைந்தது.

"இவர்தான் மாமா. அந்தச் சத்தம்தான்."

திரைக்குக் கீழால் ஒரு போன் வந்தது. றம்ஸியின் போன். மக்கீன் அழுத்தினார்.

லொறி இல்லை.

மணிக்கூடு இல்லை.

தகரத்தில் மழை...

பெக்டரிச் சங்கு...

கோழி...

பிறகு இருளாண்டியின் குரல். "காசு தரமாட்டேன்டா. போ. உன் சத்தம் அடங்கட்டும்."



பதிவு முடியவில்லை. இன்னொரு குரல். பக்கத்தில். சிரிப்போடு.

"சரி அண்ணே. விட்டுட்டேன்."

நின்றது.

"தங்கச்சி... நான் சொன்னதாலயா அவரு..."

"இல்ல அண்ணே," என்றாள் றிப்கா. குரல் தட்டையாக இருந்தது. "செவ்வாய்க்கிழம நான் கடைக்குச் சோறு கொண்டு போனது பன்னண்டரைக்கு. ஹெட்போனோட கதிரயில சாஞ்சு ஈந்தாரு. மேல் குளிர்ந்து போச்சு. நெஞ்சுன்னு டொக்டர் சென்னாரு."

இருளாண்டி மக்கீன் கையிலிருந்த போனைப் பார்த்தான்.

"இது அன்னைக்கே ஒரு மணிக்குப் பதிஞ்சு ஈக்கு. அந்த நேரம் அவரோட போன் என்ட மடியில ஈந்திச்சு. ஆக்களுக்கு அறிவிக்க எடுத்து வெச்சிருந்தேன். ரூமுல யாரும் பேசல்ல."

வெளியே ரோட்டில் ஒரு லொறி கியர் மாற்றிப் போனது.

"மாமா, அந்தக் காச எடுக்க வாணாம். அவரே விட்டுட்டாரு."

மக்கீன் மேற்கொண்டு எண்ணவில்லை. நோட்டுகளை மடித்து இருளாண்டியின் சட்டைப் பைக்குள் திரும்ப வைத்தார்.

ஆறாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். கடன் இல்லை.