எத்தனை விரல்?

செங்கல்பட்டுல ஒரு ஆஸ்பத்திரியில ரிடயர் ஆகுற வரைக்கும் நர்ஸா இருந்தேன். வார்டுல நோயாளியைவிட, கூட வர்ற சொந்தக்காரங்கதான் என் உயிரை வாங்கினவங்க. கட்டில்ல உட்காராதீங்கன்னா உட்காருவாங்க. தண்ணிகூடக் கொடுக்காதீங்கன்னா இட்லியே ஊட்டுவாங்க. அதையெல்லாம் மன்னிச்சுடலாம். ஏழுமலையோட அக்கா பண்ணினதை நினைச்சா இப்பவும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. புதுசா டியூட்டிக்கு வர்ற பிள்ளைங்க இதைத் தெரிஞ்சுக்கணும்னுதான் எழுதுறேன்.

ஏழுமலை கேளம்பாக்கத்துல ஷேர் ஆட்டோ ஓட்டினவர். ஓ.எம்.ஆர். ரோட்டை அகலப்படுத்திக்கிட்டிருந்த சமயம். ஜல்லிக் குவியல்ல ஏறி ஆட்டோ கவுந்து, முகத்துல அடிபட்டு, இடது கண்ணைத் தாங்குற எலும்பு உடைஞ்சு போச்சு. கண்ணு கொஞ்சம் உள்ள இறங்கி, பார்க்கிறதெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது. "எதுர்ல ஒரு பஸ்ஸு வந்தா எனுக்கு ரெண்டா வருது சிஸ்டர். எதுக்குன்னு ஒதுங்கறது?"ன்னு கேட்டார். ஆபரேஷன் பண்ணி எலும்பைச் சரி பண்ணினாத்தான் மறுபடியும் வண்டி ஓட்ட முடியும்.

காலையில ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சிஸ்டர், கண்ணுக்குப் பின்னாடி ரத்தம் கசிஞ்சு தேங்கினா நரம்பு நசுங்கிடும். பார்வை சட்டுனு போயிடும். அபூர்வம்தான், ஆனா வந்தா நேரம் கொடுக்காது. அடிக்கடி விரல் காட்டிக் கேளுங்க. சந்தேகம்னா உடனே கூப்பிடுங்க." அதனாலதான் அந்தக் கண்ணுக்குக் கட்டே போடல.

நானும் இமையைப் பிரிச்சு, நல்ல கண்ணை உள்ளங்கையால மூடிட்டு விரல் காட்டினேன். "எத்தனை?" "ரெண்டு." சரி. அடுத்த தடவை மூணு காட்டினேன். அதுவும் சரி. வலி இருக்கான்னு கேட்டா, கால்மாட்டுல நின்ன அக்கா கன்னியம்மா முந்திக்கிட்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர், நல்லாத்தான் கீறான்"னுவாங்க. உங்களைக் கேக்கலம்மான்னு எத்தனை தடவைதான் சொல்றது? அந்த மனுஷனை வாயைத் திறக்கவே விடல.

மதியம் போனப்ப இமை இன்னும் வீங்கி, கண்ணு முன்னால பிதுங்கின மாதிரி இருந்தது. ஏழுமலை போர்வையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்தார். நாலு விரல் காட்டினேன். கொஞ்சம் லேட்டா, "நாலு"ன்னார். பதில் சரிதான். ஆனா எண்ணிப் பார்த்துச் சொல்ற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். கன்னியம்மா கை போர்வைக்குள்ள. தம்பியோட கால் கட்டை விரலை அத்தனை தடவை அழுத்திக் காட்டிக்கிட்டிருக்காங்க.

வந்த கோவத்துல போர்வையை வெடுக்குன்னு விலக்கினேன். "என்னம்மா பண்றீங்க?"

"பக்கத்துக் கட்டில்ல சொன்னாங்க சிஸ்டர். தப்பா சொன்னா திரும்ப ஆபரேஷன் தியேட்டருக்கு இட்டுகினு போயிடுவாங்களாம், லைசென்சும் போயிடுமாம். அதான் எடுத்துக் குடுத்தேன்."

"இது என்ன பரீட்சையா? முதல்ல வெளிய போங்க."

தள்ளாத குறையா அனுப்பிட்டு, மறுபடியும் நல்ல கண்ணை மூடினேன். இந்தத் தடவை விரலே காட்டல. கையை மூடி நீட்டினேன். "எத்தனை?"

கொஞ்சம் யோசிச்சார். "ரெண்டு."

டார்ச் அடிச்சேன். கண்ணு பாப்பா சுருங்கவே இல்ல. இமை மேல லேசாத் தொட்டா உள்ள கல்லு மாதிரி இருந்தது. "ஏழுமலை, வெளிச்சமாவது தெரியுதா? உண்மையைச் சொல்லுங்க."

"இல்ல சிஸ்டர். இருட்டா கீது. வலி மண்டையைப் பொளக்குது. அக்காதான் சும்மா இருன்னுச்சு."

ஓடினேன். டாக்டர் ஓ.பி.யை அப்படியே விட்டுட்டு வந்தார். தியேட்டருக்குக் கொண்டுபோக நேரமில்லை. கட்டில்லயே மரத்துப்போக ஊசி போட்டு, இமை ரெண்டும் சேர்ற வெளி ஓரத்தை வெட்டி விட்டு அழுத்தத்தைக் குறைக்கணும். கத்தரிக்கோலைப் பார்த்ததும் கன்னியம்மா உள்ள பாய்ஞ்சு வந்து குறுக்க நின்னாங்க. "கண்ணை வெட்றீங்களா? இன்னா அக்கிரமம் இது? எந்தம்பி நல்லாத்தான சொல்லிகினு இருந்தான்?"

"சொன்னது நீங்கம்மா"ன்னு கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டர் நிமிரக்கூட இல்ல. "நகருங்கம்மா. கண்ணு செத்துக்கிட்டிருக்கு"ன்னார். நானும் வார்டு ஆயாம்மாவும் சேர்ந்து அவங்களை இழுத்த பிறகுதான் வேலை நடந்தது. அப்புறம் தியேட்டர்ல தையலைப் பிரிச்சு, தேங்கின ரத்தத்தை எடுத்தாங்க.

கண்ணு தங்கிச்சு. பார்வை வரல. முகத்துக்கு நேரா கையை ஆட்டினா ஏதோ அசையுதுன்னு தெரியும், அவ்வளவுதான். ஷேர் ஆட்டோ ஓட்டுறது அத்தோட போச்சு.

அதுக்கப்புறம் யாருக்கு விரல் காட்டினாலும், கூட இருக்கிறவங்களை வெளிய அனுப்பிடுவேன். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும், அப்பதான் கண்ணைக் காப்பாத்த முடியும்"னு நோயாளிகிட்ட முதல்லயே சொல்லிடுவேன். நடுவுல ஒரு தடவை மூடின கையையும் நீட்டுவேன். நீங்களும் பண்ணுங்க. சொந்தக்காரங்க முறைப்பாங்க, முறைக்கட்டும்.

டிஸ்சார்ஜ் அன்னைக்குக் கன்னியம்மா என் பின்னாலயே வந்தாங்க. சண்டைக்குத்தான் வர்றாங்கன்னு நானும் தயாரா நின்னேன். குரலே இல்லாம கேட்டாங்க: "சிஸ்டர், எப்போ போச்சு? ரெண்டுன்னப்பவா, மூணுன்னப்பவா? நான் மொதல்லேர்ந்தே அழுத்திகினுதான் இருந்தேன். அவனைக் கேட்டா, 'வுடுக்கா'ன்றான்."

எனக்கும் தெரியல.