அரை நாள் நாற்காலி

தண்ணீர் வரி ஆபீசில் ஓர் அம்மாளுக்கு நிற்பதற்கென்றே தனிச் சம்பளம் கொடுக்கிறார்களாம் என்றார் என் மைத்துனர். அவர் சொல்வதில் பாதி பொய், மீதி புளுகு. ஆனாலும் உட்கார்ந்தே சம்பாதிக்கிறவன் நான், வயிறு எரிந்தது. விசாரிக்கப் போனேன்.

அந்த அம்மாள் ரசீதுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுவார். இடுப்பு பிடித்துக்கொண்டது. "அடிக்கடி எழுந்திருங்க, இல்லைன்னா வேலைய விடுங்க" என்றார் டாக்டர். வேலையை விட முடியாது; வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. எழுந்தார்.

அங்கேதான் வந்தது வினை. அவர் எழும்போதெல்லாம் மேனேஜர் எதிரே வந்து தொலைத்தார். நம் ஆட்களிடம் எழுந்து நிற்பதற்கு ஒரே அர்த்தம்தான்: மரியாதை. "பரவாயில்லம்மா, உக்காருங்க" என்று கையமர்த்துவார். அம்மாளும் உட்கார்ந்துவிடுவார். மரியாதையின் ருசி கண்ட மனிதர், காரணமே இல்லாமல் அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். அந்த ஆபீசில் நடைப்பயிற்சி கிடைத்தது அவர் ஒருவருக்குத்தான்.

கடைசியில் வலி பொறுக்காமல் அம்மாள் சொல்லிவிட்டார்: "சார், நான் உங்களுக்காக எழுந்திரிக்கல. என் இடுப்புக்காக."

மேனேஜர் முகம் காற்றுப் போன பலூன் ஆனது. "அப்ப இத்தனை நாளும்...?"

"இடுப்புதான் சார்."

கவுண்டரில் மனு வாங்குகிறவர் குபீரென்று சிரித்தார். அவருக்கு நேர் எதிர் நோவு: நாள் முழுக்க நின்று நின்று காலில் நரம்பு சுருண்டு கிடந்தது. அம்மாள் விடவில்லை. "காலைல அவர் வேலைய நான் நின்னு பாக்குறேன், என் வேலைய அவர் உக்காந்து பாக்கட்டும். மதியம் மாத்திக்கிறோம்." இன்னும் பேசவிட்டால் என்னவெல்லாம் வெளியே வருமோ என்று மேனேஜர் உடனே தலையாட்டினார்.

ஆக, தனிச் சம்பளமெல்லாம் கிடையாது. பழைய சம்பளம்தான், பாதி நின்று, பாதி உட்கார்ந்து. இடுப்பு தேவலையாம்.

நான் போனது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அம்மாள் இன்னும் கவுண்டரிலேயே நின்றுகொண்டிருந்தார்; மனு வாங்குகிறவர் அம்மாளின் நாற்காலியில்.

"அண்ணே, மணி ஆச்சு. எழுந்திருங்க."

"இந்த ஒரு ரசீது, தங்கச்சி."

"நேத்தும் இதே ரசீதுதான். நேத்து மதியமே நீங்க எனக்கு பாக்கி."

"எங்க ஓடிடப்போறேன்? வட்டியோட நின்னு கழிச்சிடுறேன்மா."

நாற்காலி கிடைத்த எவரும் தானாக எழுந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் கிளம்பும்வரை அவரும் எழவில்லை. அம்மாள் காலை மாற்றி ஊன்றிக்கொண்டு அடுத்த மனுவை வாங்கினார்.