ஏழு பாண்டு உடைத்த சுதர்ஷன்

ஏழு. இந்த எண்ணை மனதில் வையுங்கள். மட்டாஞ்சேரி சுதர்ஷன் கிட்டார் வாசித்த ராக் பாண்டுகள் ஏழு, ஏழும் உடைந்தன. கொள்கைப் பிளவு ஒன்றும் கிடையாது. இவன் சத்தம்தான் காரணம். டிரம்ஸ்காரன் ஓங்கி அடித்தால் ஆம்ப்ளிஃபயரைத் திருகுவான். பாடகன் கத்தினால் இன்னும் திருகுவான். கடைசி பாண்டில் பேஸ் கிட்டார் வாசித்த அனில், "என் காது போச்சுடா" என்று மேடையிலேயே வயரைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிப் போனான்.

நாற்பதாவது வயதில் சினிமா வந்தது. டைரக்டர் தன்யா தன் முதல் படத்தில் ஒரே ஒரு காட்சியைக் கொடுத்து, இசை போட்டுக் காட்டச் சொன்னாள். வைப்பின் தீவிலிருந்து வரும் போட்டில் ஒருத்தி, துபாய் கிளம்பும் கணவனை வழியனுப்பக் கூடவே வருகிறாள். இசை பிடித்தால் முழுப் படமும் சுதர்ஷனுக்கு. இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் காக்கநாட்டில், மைத்துனன் பார்த்துவைத்த ஆபீஸ் வேலை. அம்மா ஜெயலக்ஷ்மி சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டியே வைத்துவிட்டாள்.

ஒரு சுக்கு மண்டியின் மாடியறையில் உட்கார்ந்து ராப்பகலாக உழைத்தான். உழைப்பில் குறை சொல்ல முடியாது. தன்யா கேட்டுப் பார்த்தாள்.

"நன்னாருக்கு, சேட்டா. ஆனா அவ பேசறது ஒரு வார்த்தை கேக்கலையே. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாருங்கோ."

வேறு வழியில்லாமல் அனிலைக் கூப்பிட்டான். காதில் பஞ்சோடு வந்தான் அனில். காட்சி ஊமையாக ஓடியது.

"சத்தம் எங்கேடா?"

"ம்யூட் பண்ணியிருக்கேன். அவா பேசினா என் கிட்டார் எனக்குக் கேக்க மாட்டேங்கறது."

அனில் நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தான். "ஏழு பாண்டு போராதுன்னு ஹீரோயின் வாயையும் அடைச்சுட்டியேடா. முதல்ல சத்தத்தைப் போடு."

போட்டான். எஞ்சின் துடித்தது. அதற்கடியில் அவள் சொன்னாள்: "சோத்துப் பொதி பையில இருக்கு. ஆறறதுக்குள்ள சாப்பிடு." அவ்வளவுதான் அவள் விடைபெற்றது. சுதர்ஷன் அதை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டான்.

"எஞ்சின்தான் டிரம்ஸ், மனசிலாச்சா? அதை ஜயிக்கப் பாக்காதே" என்றான் அனில்.

அனில் பஞ்சை எடுத்துவிட்டு, எஞ்சினோடு சேர்ந்து பேஸில் ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்தான். சுதர்ஷன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். போட் துறையைத் தொட்டு எஞ்சின் நின்ற பிறகுதான் கிட்டாரில் விரல் வைத்தான்.

ஞாயிறன்று தன்யா திரும்பத் திரும்பப் பார்த்தாள். "படம் உங்களுக்குத்தான், சேட்டா. அந்த பேஸ் ஆளையும் கூட்டிண்டு வாங்கோ."

அம்மா ஆபீஸுக்கென்று இஸ்திரி போட்ட சட்டையை ரெக்கார்டிங்குக்கு அனில் போட்டுக்கொண்டு வந்தான்.

அந்தக் காட்சியில் சுதர்ஷனின் கிட்டார் ஒலிப்பது பதினோரு விநாடி.