சாலையைப் பார்த்த கொட்டகை

அவருடைய பட்டப்பெயர் ரசமட்டம். தொழில் தச்சு. கட்டிலில் படுப்பதற்கு முன்னால்கூட ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் காலை நீட்டுவார் என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். அதில் பாதி பொய். மீதிப் பாதிக்கு அவர் மனைவி சாட்சி.

வாரம் ஒருநாள் பிள்ளைகளை மரங்களுக்கு நடுவே உட்காரவைத்துப் பாடம் நடத்தும் வழக்கம் பள்ளிக்கூடங்களில் வந்ததிலிருந்து அவருக்கு நல்ல காலம். தரையைத் தோண்டிக் கல் அடுக்கி ஒரு நெருப்புக்குழி, அதன் எதிரே மூன்று பக்கம் பலகை அடைத்து ஒரு பக்கம் திறந்த கொட்டகை. மழை வந்தால் பிள்ளைகள் உள்ளே இருந்தபடியே குளிர்காயலாம். இதில் முக்கியமானது ஒன்றே ஒன்றுதான். கொட்டகை காற்றுக்கு முதுகைக் காட்ட வேண்டும். முகத்தைக் காட்டினால் அழையாத விருந்தாளியாகப் புகை உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதனால் எங்கே போனாலும் முதலில் ஒரு பிடி மரத்தூளை மேலே வீசிப் பார்ப்பார். இந்தப் பள்ளியின் தோப்பிலும் வீசினார். சாலைப் பக்கமிருந்து வந்த காற்று அத்தனையையும் அவர் சட்டையிலேயே கொண்டுவந்து கொட்டியது. கொட்டகை சாலைக்கு முதுகு காட்ட வேண்டும் என்று அதற்கு மேல் யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனால் எதிரே பேருந்து நிறுத்தம். நாள் முழுக்க ஜனம் நிற்கிற இடம். கொட்டகையின் முகம் அந்தப் பக்கம் இருந்தால் இழைப்பு வேலையை ஊரே பார்க்கும். உத்திரத்தில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் செதுக்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆசை யாரை விட்டது? சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, கொட்டகையைச் சாலையைப் பார்த்துக் கட்டினார், உத்திரத்தில் பெயரையும் செதுக்கினார்.

முதல் வகுப்பன்று நெருப்பு மூட்டியவர் அவருடைய அண்ணி. அண்ணன் இறந்த பிறகு, தோப்புக்கு விறகு வெட்டிக் காயவைத்து நெருப்புப் போடும் அந்த வேலையை அண்ணிக்கு வாங்கிக் கொடுத்ததே இவர்தான். தீ பிடித்த கொஞ்ச நேரத்தில் கொட்டகை முழுக்கப் புகை. பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அலறியடித்து வெளியே ஓடி வந்தார்கள். தலைமையாசிரியை இருமி முடித்துவிட்டு, “என்னங்க இது?” என்று தச்சரைக் கேட்டார்.

“விறகு ஈரம் மேடம்.”

யோசித்துச் சொன்னதில்லை. வாயிலிருந்து தானாக வழுக்கி விழுந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு ஆடவும் தெரியும், கூடத்தைக் கோணலாக்கியவரும் இவரேதான். அப்படியும் பழியைத் தூக்கி விறகின் தலையில் போட்டார். விறகுக்கு ஏது தலை? அது அண்ணியின் தலையில்தான் விழுந்தது.

“நல்லா வெயில்ல போட்டுத்தானே எடுத்தேன்...” என்று அண்ணி முனகியது யார் காதிலும் ஏறவில்லை.

“இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்மா,” என்றார் தலைமையாசிரியை. தச்சர் கருவிப் பையை எடுத்துக்கொண்டு சீக்கிரமாகவே கிளம்பிவிட்டார்.

நாலைந்து நாள் கழித்து அண்ணி வீட்டுக்குப் போனார். கதவு முழுசாகத் திறக்கவில்லை. உள்ளே சுவரோரம், அடுப்பைச் சுற்றி, கட்டிலுக்கு மேலே, எங்கே பார்த்தாலும் விறகு. அண்ணி நடைவழியில் பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறாராம்.

“என்ன அண்ணி இது?”

“வெளியே போட்டா பனி இறங்கிடுது தம்பி. நீங்க சொன்னது சரிதான், நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்.” இரண்டு கட்டைகளை எடுத்து அவர் காதருகே தட்டிக் காட்டினார். “இப்ப கேளுங்க. கணீர்னு இருக்கா?”

கணீரென்றுதான் இருந்தது. அண்ணி வைத்த சோற்றில் ரெண்டு வாய்க்கு மேல் அவருக்கு இறங்கவில்லை. இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து, “குழம்பு நல்லாருக்கு அண்ணி,” என்றார். மனுஷனுக்கு அவ்வளவுதான் தைரியம். திரும்பி வரும்போது தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

விடுமுறை நாளில் தோப்புக்குப் போனார். சாலைப் பக்கம் திறந்திருந்ததைப் பலகையால் அடைத்தார், பின்பக்கச் சுவரைக் கழற்றி அதைத் திறப்பாக்கினார், நெருப்புக்குழியையும் தோண்டி அந்தப் பக்கம் மாற்றினார். செதுக்கிய பெயர் பலகைக்குள் போய்விட்டது. காவலாளி கேட்டதற்கு, “சின்ன வேலை பாக்கி இருந்துச்சு,” என்று சொல்லி வைத்தார். சத்தமில்லாமல் காரியத்தை முடித்துவிட்டால் அண்ணிக்கும் வேலை போகாது, தன் மானமும் போகாது என்பது கணக்கு.

அடுத்த வகுப்பு மத்தியானம் நடந்தது. தச்சரும் வந்து ஓரமாக நின்றார். கொட்டகை திரும்பியிருந்ததை, ஏதோ பாக்கி வேலை என்று காவலாளி சொன்னதோடு எல்லாரும் விட்டுவிட்டார்கள். புகை சமர்த்தாகத் தோப்புக்குள் போனது. பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து கதை கேட்டார்கள்.

“பாத்தீங்களாம்மா, காஞ்ச விறகுன்னா எப்படி எரியுது!” என்றார் தலைமையாசிரியை.

அண்ணிக்கு முகமெல்லாம் பல். “எல்லாம் தம்பி சொல்லிக் கொடுத்ததுதான் மேடம். அவர் மட்டும் அன்னிக்கு எடுத்துச் சொல்லலேன்னா என் வேலை போயிருக்கும்.”

கணக்கு சரியாக வந்துவிட்டது. இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் அண்ணி நன்றியோடு பார்த்த அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை.

“விறகுல ஒரு குத்தமும் இல்ல மேடம்,” என்றார். “கொட்டகையை நான்தான் காத்துக்கு எதிரா வெச்சேன். தெரிஞ்சேதான் வெச்சேன், ரோட்டுல போறவங்க பாக்கணும்னு. பழியை அண்ணி மேல போட்டுட்டேன்.”

தலைமையாசிரியை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளிடம் போனார். அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

அண்ணியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. “அப்ப என் விறகு நல்லாத்தான் இருந்துச்சா?”

“முதல் நாளே நல்லா இருந்துச்சு அண்ணி.”

“வேலை போயிருந்தாக்கூட வேற வேலை தேடியிருப்பேன் தம்பி.” அண்ணி குரலை உயர்த்தவில்லை. “அன்னிக்கு நீங்க போன பிறகு, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக வந்தவங்க எல்லாரும் வாசல்ல நின்னாங்க. ஒவ்வொருத்தர் முன்னாடியும் போயி, என்னாலதான் உங்க பிள்ளைக்குக் கண்ணு செவந்துடுச்சு, மன்னிச்சிடுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். அவ்வளவு கும்பிடும் நீங்க போட்டிருக்க வேண்டியது.”

பள்ளி விடும் மணி அடித்தது. வாசலில் அம்மாக்களும் அப்பாக்களும் சேரத் தொடங்கியிருந்தார்கள். ரசமட்டம் கருவிப் பையை அங்கேயே வைத்துவிட்டு நடந்தார். முதலில் நின்ற ஓர் அம்மாவின் முன்னால் போய்க் கையைக் கூப்பினார்.

அந்த அம்மா ஓரடி பின்னால் நகர்ந்து, “யாருங்க நீங்க?” என்று கேட்டார்.

“அந்தக் கொட்டகையைக் கட்டுனவன்மா,” என்றார்.