சேராத ஆறாவது இதழ்

கீழ் கோத்தகிரி பஸ் நிறுத்தத்தில்தான் சேதி என் காதுக்கு வந்தது. கண்டக்டர் படியில் நின்றபடியே, "ஏனுங்க டீச்சர், உங்க லோகநாயகி டீச்சர் சேரம்பாடியில தவறிட்டாங்களாமுங்க" என்றார். நான் பஸ்ஸில் ஏறவில்லை. அழுகை வந்திருக்க வேண்டும்; எனக்குக் கோபம்தான் வந்தது. அது இன்னும் ஆறவில்லை. அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நல்ல வார்த்தை மட்டும் வேண்டுமென்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கள் எஸ்டேட் பள்ளியில் அவர் கணக்கு, நான் தமிழ். தேயிலை விலை விழுந்து ஃபேக்டரியைப் பூட்டிய சமயம் அது. தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அடுப்பு எரிவதே பெரும்பாடாக இருந்தபோது, நோட்டு வேண்டும் என்று எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? லோகநாயகி பள்ளியின் பின்சுவரைக் காட்டினார். "இதோ இருக்குது நோட்டு. யாராலும் கிழிக்க முடியாது."

சுவரின் நடுவே ஓர் ஆணி, ஆணியில் ஒரு கயிறு, கயிற்று நுனியில் கரித்துண்டு. சுற்றி இழுத்தால் வட்டம். அதே கயிற்றளவை வட்டத்தின் விளிம்பில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டே போனால், ஆறாவது அளவில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். அந்தப் புள்ளிகளிலிருந்து வளைவு போட்டால் ஆறு இதழ்ப் பூ. செங்கல் பொடியும் சுண்ணாம்பும் ஃபேக்டரி வாசலில் குவிந்து கிடந்த கழிவுத் தூளும்தான் வண்ணம். வாய்ப்பாடு என்றாலே வயிற்றுவலி வந்துவிடுகிற பிள்ளைகள், கோணத்துக்கும் பின்னத்துக்கும் சண்டை போட ஆரம்பித்தார்கள்.

வட்டம் போட்டது வெயிலடித்த ஒரு மாலையில். மறுநாள் காலை மூடுபனி. ஆணியிலேயே தொங்கிய கயிறு நன்றாக நனைந்துவிட்டது. பிள்ளைகள் அதை எடுத்து அளந்தார்கள். ஆறாவது அளவு போய்ச் சேரவில்லை. ஒரு சாண் குறைந்தது. மறுபடி அளந்தார்கள். அப்போதும் அதே குறை. அந்தப் புள்ளிகளை வைத்துப் போட்ட பூவின் ஆறாவது இதழும் சேராமல் நின்றது.

"ஆறாவதைக் கொஞ்சம் நீட்டிச் சேத்து விட்டுருங்க கண்ணுகளா" என்றேன் நான்.

"தமிழ் டீச்சர், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் லோகநாயகி. "சேரலைன்னாத்தான் ஏன்னு கேப்பாங்க. சேந்துட்டா கையத் தட்டிட்டு ஊட்டுக்குப் போயிருவாங்க."

பிரேமா என்ற பெண் கயிற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டாள். மறுநாள் மூச்சு வாங்க ஓடி வந்து, "டீச்சர், கயிறு நீண்டிருச்சுங்க. பனியில சுருங்கிப் போயிருந்துச்சு" என்றாள். காரணம் தெரிந்த பிறகும் லோகநாயகி அந்தப் பூவைத் திருத்த விடவில்லை. சேராத அந்த ஒரு சாணைச் சுற்றிச் சுண்ணாம்பால் கட்டம் போட்டு வைத்தார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வகுப்புக்கும் அதுதான் முதல் கேள்வி.

பள்ளியைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். பெயர் சொல்ல மாட்டேன். படித்தால் அவருக்கே தெரியும். "ஏம்மா, இது கணக்கு வகுப்பா, கோலப்போட்டியா? அதுவும் தப்பா இருக்குது" என்றார். "ஏன் அப்படி இருக்குதுன்னு புள்ளைங்களக் கேளுங்க சார், சொல்லுவாங்க" என்றார் லோகநாயகி. அவர் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் மாறுதல் உத்தரவு வந்தது, மாவட்டத்தின் மறுகோடியான சேரம்பாடிக்கு. அந்த ஊர் மழை இவர் நெஞ்சுக்கு ஆகாது என்று மன்றாடினோம். செவிடன் காதில் ஊதிய சங்கு. பிரேமாவின் பெற்றோர் அதற்குள் பிழைப்புத் தேடி அவளோடு திருப்பூர் போய்விட்டார்கள். லோகநாயகி சேரம்பாடியில் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார்.

போன வாரம் எங்கள் பள்ளியில் இரங்கல் கூட்டம். அதே அதிகாரி படத்துக்கு மாலை போட்டு, "கணிதத்தைக் கலையாக்கிய மாதரசி" என்றார். லோகநாயகிக்காகப் பின்சுவரில் நினைவுக் கல் பதிக்கப் போகிறார்களாம். எந்த இடத்தில் என்று கேட்டேன். "அந்தப் பூவுல குறையா ஒரு இடம் இருக்குதில்ல, அங்கதான். கல்லு வெச்சா அதுவும் மறைஞ்சிரும்" என்றார் அதிகாரி.

நான் எழுந்து நின்றேன். "அது குறையில்லீங்க. அந்தம்மா நடத்துன பாடமே அதுதான். உயிரோட இருந்தப்ப ஊரை விட்டுத் துரத்துனீங்க. இப்ப பாடத்தையும் மூடி வெக்கறீங்களா?" என்றேன். தேநீர் கொடுத்துக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

சேரம்பாடிக்குப் பஸ் ஏறிய அன்று, அந்தக் கயிற்றை லோகநாயகி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். கல் வந்து இறங்கிவிட்டது. வகுப்பு வாசலில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். நாளைக் காலை கொத்தனாரோடு அதிகாரியும் வருகிறார். கயிற்றோடு நான் அந்தச் சுவரின் முன்னால் நிற்பேன், பிள்ளைகளும் நிற்பார்கள். ஆறாவது இதழ் ஏன் சேரவில்லை என்று அவர்கள் கேட்பார்கள். முதலில் அதற்கு அந்த அதிகாரி பதில் சொல்லட்டும்.