இடப்பக்கத்து இருக்கை

என் வீட்டுக்காரர் மனுஷ வாடையே இல்லாத மலைக்குப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. நகரத்துப் பசுந்தாங் பேட்டையில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில் ஒரே நீளக் கூடம். அதில் மாமியார், கொழுந்தன், அவன் பெண்டாட்டி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், நாங்கள் இருவர். எங்கள் அறை என்பது ஒரு திரைச்சீலை. அந்தப் பக்கம் யாராவது புரண்டு படுத்தால் இந்தப் பக்கம் எங்களுக்குத் தெரியும். கல்யாணமாகி ஒன்பது வருஷம் இப்படி. அவரிடம் மனம்விட்டு ஒரு வார்த்தை பேசவேண்டுமென்றால் காய்கறி வாங்கும் சாக்கில் இருவரும் சந்தைக்குப் போகவேண்டும். அங்கே மட்டும் என்ன வாழ்ந்தது, ஊரே நிற்கும்.

தண்ணீர்த் திருவிழா வந்தால் இன்னும் மோசம். தெருவுக்குத் தெரு மேடை போட்டுக் குழாயால் பீய்ச்சுவார்கள். உப்பு வாங்கப் போனால்கூடச் சொட்டச் சொட்டத்தான் திரும்பவேண்டும். வசதியுள்ளவர்கள் அந்த விடுமுறையில் கடற்கரைக்கு ஓடுவார்கள். அங்கேயும் கூட்டம்தானே என்பார் இவர். இவர் கண்டுவைத்த இடம் வேறு. வடக்கே புரோம் ஊரைத் தாண்டி, ஐராவதிப் பாலத்தைக் கடந்து, மேற்கே மலை ஏறி, ஓர் ஓடைக்கரையில் நாலு நாள். அதற்காகவே நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜப்பான் ஜீப் ஒன்றை வாங்கி, எங்கள் பேட்டைப் பட்டறையில் போட்டு, வருஷக்கணக்காகத் தட்டிக்கொண்டிருந்தார்.

இத்தனை திட்டமும் யாரோடு போட்டார் என்கிறீர்கள்? என்னோடா? நல்ல கதை! தன் சிநேகிதரோடு. வீட்டுக்குக் கீழே டீக்கடையில் இருவரும் உட்கார்ந்து, சேற்றில் சிக்கினால் இழுக்கக் கயிறு, விழுந்த மரத்தை அறுக்க ரம்பம், தண்ணீருக்கு எத்தனை டின் என்று பேசுவது மாடி வரைக்கும் கேட்கும். பெட்ரோல் சுலபத்தில் கிடைக்காத காலம். கிடைக்கும்போதெல்லாம் வாங்கி டின்னில் அடைத்து எங்கள் கட்டிலுக்கு அடியில்தான் வைத்தார். பெட்ரோல் வாடையில் படுத்து எழுந்தவள் நான், மலைக்குப் போவது சிநேகிதரா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பற்றிக்கொண்டால் அந்த டின்னும் சேர்ந்து பற்றிக்கொள்ளுமே என்று அடக்கிக்கொண்டேன்.

சிநேகிதர் ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணம் நியாயமானதுதான். எங்கள் நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். ஆனால் ஜப்பானிலிருந்து வந்த வண்டிகளுக்கு ஸ்டீரிங்கும் வலப்பக்கமே. ஓட்டுகிறவர் சாலை ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு லாரி போனால் அதன் பின்புறம் தவிர வேறொன்றும் அவர் கண்ணுக்குத் தெரியாது. இடப்பக்கத்தில் இருப்பவர் தலையை வெளியே நீட்டி, எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொன்னால்தான் முந்தமுடியும். அந்த இருக்கையில் உட்கார்ந்து தூங்குகிறவனை நம்பி யாரும் நெடுந்தூரம் போகமாட்டார்கள்.

திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது சிநேகிதருக்குக் கப்பலில் வேலை கிடைத்துவிட்டது. மனுஷன் நின்ற நிலையில் கிளம்பிப் போய்விட்டார். இவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு, "ஜீப்ப வித்துடலாம்" என்றார்.

"எதுக்கு விக்கிறது? நான் பாத்துச் சொல்றேன்" என்றேன்.

"நீயா?" சிரித்துவிட்டார்.

"ஏன், எனக்கு என்ன கண்ணு பொட்டையா?"

ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை ஓட்டிப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு நகரத்துக்கு வெளியே மாவ்பி ஊர்ப் பக்கம் போவோம். முதல் வாரம் ஒரு வைக்கோல் வண்டியின் பின்னாலேயே அவரை மாவ்பி வரைக்கும் ஊரவைத்தேன். தூரத்தில் சைக்கிள் வந்தாலும் "வேணாம், வேணாம்" என்பேன்.

"பயமா?" என்று கேட்டார்.

"உங்க உசுரு என் வாயில இருக்குங்க. பயப்படாம பின்ன?"

திரும்பும்போது டீக்கடையில் நிறுத்தி, எனக்குப் பிடித்த பலகாரம் வாங்கிக்கொடுத்தார். போகப்போக எனக்கு அளவு பிடிபட்டது. எவ்வளவு தூரத்தில் பஸ் வந்தால் போகலாம், எது வேகமாக வருகிறது என்று கண் சொல்லும். "போங்க" என்றால் போவார். "இருங்க" என்றால் இருப்பார். நடுவில் என்னென்னவோ பேசுவோம். ஜீப் சத்தத்தில் கத்தித்தான் பேசவேண்டும். கத்தினால் என்ன, கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? இதுவே நாலு நாள் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

விஷயம் மாமியார் காதுக்குப் போனது. "எங்கள இந்தத் தண்ணிக் கூத்துல தள்ளிட்டு நீங்க ரெண்டு பேரும் மட்டும் போறீங்களாக்கும்?" என்றார். இவர் தன் அம்மாவுக்கு எதிரே வாயைத் திறந்து நான் பார்த்ததே கிடையாது. "நீங்களும் வாங்கம்மா" என்றார். பிறகு கொழுந்தன், அவன் பெண்டாட்டி, பிள்ளைகள். கூட்டத்தை விட்டு ஓடப் போட்ட திட்டத்தில் வீடு முழுக்க ஏறிவிட்டது. அடுப்படியில் வெங்காயம் உரிக்கிற சாக்கில் நன்றாக அழுதேன்.

கிளம்புகிற அன்று காலையில் கீழே இறங்கி வந்தால், கொழுந்தன் முன்னிருக்கையில் சட்டமாக உட்கார்ந்திருக்கிறான். "ஆம்பள முன்னால இருக்கணும். அண்ணி, நீங்க பின்னால ஏறுங்க" என்றான். இவர் குனிந்து சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். நான் சட்டி பானைக்கும் மாமியாருக்கும் நடுவில் மடங்கி உட்கார்ந்தேன். மூட்டையில் இருந்த ஙப்பி மீன்விழுதின் வாடையும் பெட்ரோல் வாடையும் சேர்ந்து மூக்கைத் துளைத்தன. வழியெல்லாம் பிள்ளைகள் திருவிழாத் தண்ணீரை வாளி வாளியாக வாங்கி நனைந்தார்கள்.

ஊரைத் தாண்டியதும் முன்னால் ஒரு மூங்கில் லாரி. கொழுந்தன் எட்டிப்பார்த்து, "ஒண்ணும் வரலண்ணே, போ" என்றான். இவர் போகவில்லை. "போண்ணே!" போகவில்லை. பின்னால் வந்த பஸ்கள் ஒவ்வொன்றாக எங்களை முந்திக்கொண்டு போயின. பஸ்ஸிலிருந்தவர்கள் கேலியாகக் கையாட்டினார்கள். வெயில் ஏறியது. "இப்படிப் போனா புரோமுக்கே அடுத்த திருவிழாவுக்குத்தான் போவோம்" என்று கொழுந்தன் பெண்டாட்டி முணுமுணுத்தாள். மாமியார்கூட, "ஏன்டா, வண்டியில கோளாறா?" என்று கேட்டுவிட்டார்.

மாவ்பிக்கு முன்னால் இவர் ஜீப்பை ஓரங்கட்டினார். தம்பியைப் பார்க்காமல் ஸ்டீரிங்கைப் பார்த்தே பேசினார்.

"நீ பின்னால போ. அவ முன்னால வரட்டும்."

"அண்ணிக்கு என்னண்ணே தெரியும்? பொம்பள..."

"அவ சொன்னாத்தான் எனக்குக் கை திரும்பும்." "ரெண்டு மாசமா அவ வாயிலதான் என் உசுரு இருக்கு. அவ பக்கத்துல இல்லன்னா நான் எங்கயும் வரல. திருப்பிடுறேன்."

ஒன்பது வருஷத்தில் அந்த வீட்டார் முன்னால் அவர் எனக்காகப் பேசிய முதல் பேச்சு அது. மாமியார் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "அவன்தான் சொல்றான்ல, எறங்குடா" என்றார்.

சட்டி பானையைத் தாண்டி இறங்கி, முன்னால் போய் ஏறினேன். கன்னத்தில் அரைத்துப் பூசியிருந்த தனக்காவெல்லாம் கண்ணீரில் கரைந்து கழுத்துக்கு வந்திருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

சற்று தூரத்தில் அதே மூங்கில் லாரியைப் பிடித்துவிட்டோம். நான் தலையை வெளியே நீட்டினேன். ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. "இருங்க" என்றேன். இருந்தார். பஸ் கடந்தது. அதற்குப் பின்னால் சாலை காலியாகக் கிடந்தது.

"போங்க" என்றேன்.