கை எடுத்தாச்சா என்று கேட்ட நைனா

எங்கள் நைனாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே மகளின் வணக்கம். எனக்கு நைனாவை நினைத்தால் முதலில் பயம்தான் வருகிறது. அவர் என்னை அடித்ததில்லை, அதட்டியதுமில்லை. வீட்டுக்குள் அவர் கட்டி நிறுத்திய செம்பு வளையம்தான் அந்தப் பயத்துக்குக் காரணம்.

நைனா பள்ளிப்பட்டுப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் வீட்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். பாதிப் படிப்போடு கும்மிடிப்பூண்டிக்கு வந்து, ஏசிக்குச் செம்புக் குழாய் வளைக்கும் கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்தார். குடியில்லை, சீட்டாட்டமில்லை. அவருக்கிருந்த ஒரே பைத்தியம் ஹாம் ரேடியோ. முறையாகத் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கி, பேட்டரியில் ஓடும் ஒரு செட்டை வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தபடியே வானொலி அலையில் வெளியூர்க்காரர்களோடு பேசுவார்.

அதற்கு ஆன்டெனா வேண்டும். வாடகை வீட்டு மாடியில் கம்பி கட்ட ஓனர் விடவில்லை. "இடி உழுந்தா யாரு ஜவாப்பு?" என்று கேட்டுவிட்டார். நைனா சண்டைக்குப் போகவில்லை. கடையில் செம்புக் குழாய் வாங்கிவந்து, நெஞ்சுயர வட்டமாக வளைத்து, ஹால் ஜன்னலோரம் மரச் சட்டத்தில் நிறுத்தினார். மேக்னெட்டிக் லூப் என்று அதற்குப் பெயராம். வட்டம் முழுதாக மூடாது. அடிப்பக்கம் ஓர் இடைவெளி விட்டு, அங்கே அலைவரிசையைப் பிடிக்கும் கெபாசிட்டரைப் பொருத்தியிருந்தார். அதை மெல்லத் திருப்பி, செட்டில் இரைச்சல் குபுக்கென்று எழும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதன் பிறகு மைக்கை அமுக்கிப் பேசலாம்.

பேசும் நேரத்தில் அந்த இடைவெளியில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். பேட்டரி கரண்ட்தானே என்று அலட்சியமாக இருந்து, அவரே ஒருநாள் விரல் நுனியைச் சுட்டுக்கொண்டார். ரத்தமில்லை, தோலில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும். வலி எலும்புவரை போனது என்று முகம் வெளுத்துச் சொன்னார். அன்றோடு வீட்டில் ஒரு சட்டம் வந்தது. மைக்கை அமுக்கும் முன் "கை எடுத்தாச்சா?" என்று கேட்பார். அம்மாவும் நானும் வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். சொல்லாதவரை அமுக்கமாட்டார்.

"கரண்டிய புடிச்சிகினு நிக்கறேன், எந்தக் கைய எடுக்கறது?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கிண்டல் செய்வார். எனக்குச் சிரிப்பே வராது. தூங்கும்போதுகூடக் கைகளை மார்போடு மடக்கிக்கொண்டு படுப்பேன்.

பிறகு ஒரு வருஷம் பெரிய புயல் வந்தது. காலையிலேயே கரண்ட் போனது, மதியத்துக்குள் செல்போனும் செத்தது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். அப்போதுதான் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். உடம்பெல்லாம் வியர்வை. ஐயோ, என் கைகால் ஓடவில்லை. கட்டில் இருந்ததோ வளையத்தை ஒட்டி. அதை நகர்த்த வேறு இடமில்லை.

நைனா செட்டைப் போட்டார். மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். "நீ திருப்பும்மா" என்று கெபாசிட்டரைத் திருப்பும் நீளமான பிவிசி குழாயை என்னிடம் கொடுத்தார். எட்ட நின்று திருப்பினேன். இரைச்சல் எழுந்தது.

"கை எடுத்தாச்சா?"

"எடுத்துட்டேன் நைனா."

அம்மாவிடமிருந்து பதில் இல்லை. நைனா அமுக்கவில்லை.

"அமுக்கு நைனா! அம்மாவுக்குப் பேச்சே வரல!"

"உங்கம்மா சொல்லட்டும்."

"செத்துடும் நைனா! இந்த நேரத்துல இன்னா சட்டம் பேசிகினு இருக்கே!"

மைக்கை வைத்துவிட்டு எழுந்து போய்ப் போர்வையை விலக்கினார். அம்மாவின் கை கட்டிலிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. விரல்களுக்கும் கெபாசிட்டருக்கும் நடுவே ஒரு விரற்கடைகூட இல்லை. நைனா அந்தக் கையைத் தூக்கி அம்மாவின் மார்பில் வைத்தார். "எடுத்தாச்சு" என்று அம்மாவுக்காக அவரே சொன்னார்.

அம்மாவின் கை ஒட்டியிருந்தபோது பிடித்த இடம் என்பதால், கை விலகியதும் இரைச்சல் அடங்கிப்போனது. மறுபடி திருப்பினேன். நைனா "அவசரம், அவசரம்" என்று கூப்பிட்டார். நெல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குரல் தெலுங்கில் பதில் சொன்னது. அந்தப் புண்ணியவான் போன் போட்டுச் சொல்லி, ஆம்புலன்ஸ் புதுவாயல் நெடுஞ்சாலைவரை வந்து நின்றது. எங்கள் தெருக்காரர்கள் டிராக்டரில் அம்மாவை அங்கே கொண்டு சேர்த்தார்கள். நான் இதை எழுதும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

நைனாவுக்குக் கடைசியில் நுரையீரல் ஒத்துழைக்கவில்லை. திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் சில வாரம் இருந்து, வீடு திரும்பி, அந்த ஜன்னலோரக் கட்டிலிலேயே அமைதியாகக் கண்மூடினார்.

அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், துக்கத்தில் சோறாக்கிப் போட்ட அக்கம்பக்கத்தாருக்கும், உடன் வேலை பார்த்த தோழர்களுக்கும், முகம் தெரியாத நெல்லூர்க்காரருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் தகன மேடையில் வேலை செய்பவர்.

மகன் இல்லாத வீடு என்பதால் நானே கொள்ளி வைத்தேன். உலையின் கதவு திறந்து அனல் முகத்தில் அடித்தபோது, நைனாவைக் கிடத்தியிருந்த தட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த ஊழியர் தட்டைத் தள்ளுமுன் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கை எடுத்தாச்சாம்மா?"

"எடுத்துட்டேன் நைனா" என்று என் வாய் சொல்லிவிட்டது. கை மட்டும் தட்டிலேயே இருந்தது. அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. நான் கையை எடுக்கும்வரை தள்ளாமல் நின்றார்.